சந்தனப் பொட்டு வைத்த இரண்டு குப்பிகள்

என் தங்கை புவனாவைக் கட்டிக்கொண்ட கதிர்வேல், ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அப்படித்தான். காரமடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால் கிணற்று மேட்டில் நின்று, எங்கள் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "பேரிங் போயிருச்சுங்க மச்சான். ரொம்ப நாளைக்குத் தாங்காது" என்றார். இன்னும் தட்டே மாற்றவில்லை, அதற்குள் மச்சான்! மோட்டார் அந்த வாரமே நின்றுபோனது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அப்பா சம்மதித்தார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் புவனா என்னை முறைப்பாள்.

கதிர்வேலுக்குச் சொந்த ஊர் மதுக்கரை. அவருடைய அப்பா சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர். இவர் டிப்ளமா முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் கொஞ்ச காலம் கை பழகி, பிறகு கணபதி என்கிற பகுதியில் ஒரு ஷெட்டைப் பிடித்துத் தானே வீட்டுப் பம்புகள் செய்ய ஆரம்பித்தார். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஒரு மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். நான் கறிவேப்பிலை விவசாயி. விதைத்துவிட்டுக் காத்திருப்பது என் தொழில். காத்திருப்பது என்றாலே அவருக்கு உடம்பு அரிக்கும். எங்கள் இருவருக்கும் பேச்சு வளர்வதற்கு இது போதாதா?

ஆனால் தொழிலில் அவர் ஏமாந்ததாக யாரும் சொல்ல முடியாது. இரண்டு கம்பெனி பேரிங் வந்து, எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு காரியம் செய்வார். டப்பாவையும் லேபிளையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒன்றில் நீலப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார், இன்னொன்றில் மஞ்சளால். எந்தப் பொட்டு எந்தக் கம்பெனி என்பது அவர் மனதில் மட்டும்தான் இருக்கும். இரண்டையும் இரண்டு பம்பில் மாட்டி ஓடவிட்டு, "நீலம் தேவலையா, மஞ்சள் தேவலையா?" என்று ஆட்களிடம் கேட்பார். "பேரப் பாத்துட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சுபோகுமுங்க மச்சான்" என்று எனக்கு விளக்கம் வேறு. இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐந்து வருடத்துக்கு முன்பு புவனாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. அவள் சொன்னபோது ஷெட்டில் பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "இந்த லோடு போயிரட்டும் அம்மணி, ரெண்டு பேரும் சேந்தே போயிக் காட்டிரலாம்" என்று சொல்லிவிட்டார். லோடு போனது, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், புற்று என்றார்கள். அறுவை, கீமோ, மொட்டைத் தலை, வாயெல்லாம் புண் என்று அந்த ஒரு வருடத்தை நான் நினைத்துப் பார்க்கவே விரும்புவதில்லை. அந்தச் சில வாரத் தாமதத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சாஜிதா பேகம் அவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அவர் நம்பவில்லை. அந்த ஆர்டரைப் பற்றி வாயே திறக்கமாட்டார், ஆனால் அன்றிலிருந்து எதற்கும் காத்திருக்கவும் மாட்டார். புவனா இருமினால் வண்டிச் சாவியை எடுத்துவிடுவார்.

புற்று திரும்பவில்லை. ஸ்கேன் எல்லாம் சுத்தமாக வருகிறது. ஆனால் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் அடுத்து அவளுக்குத்தான். போன வருடம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து, சேலை படக்கூட முடியாமல் துடித்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் சிறுவர் பள்ளியில் அவள் டீச்சராக இருந்தவள். மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு நடுவே இருக்கக்கூடாது என்று கதிர்வேல்தான் நிறுத்திவைத்தார். அவளுக்கோ அந்தப் பிள்ளைகள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது. இந்த வருடம் பள்ளியை நடத்துகிற சாய்ப்ரியா வந்து, "விஜயதசமிக்குப் புதுக் கொழந்தைங்க சேருதுங்க டீச்சர். நீங்க வந்து அரிசில கை புடிச்சு எழுத வெச்சாப் போதும்" என்று கூப்பிட்டாள். புவனா அவரைக் கேட்காமலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

அந்தச் சமயத்தில் அவருக்கு வலது முழங்கையில் தசைநார் கிழிந்து வலி. இரும்புப் பம்ப் கூடுகளைத் தூக்கித் தூக்கி வந்தது. ஓய்வு கொடுத்தால் ஆறும் என்றார்கள். ஓய்வாவது, அவராவது! உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் வம்சி ஒரு யோசனை சொன்னான். பெப்டைடு என்று ஒன்று வந்திருக்கிறதாம். புரதத்தின் சின்னத் துண்டு. ஊசியாகப் போட்டால் கிழிந்த தசை கூடிவிடுமாம். அதற்குப் பெயர் பிபிசி நூற்றைம்பத்தேழு. ரேடியோ ஸ்டேஷனா என்று கேட்டேன், மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நெட்டில் தோண்டத் தோண்ட இன்னொன்று கிடைத்தது, தைமோசின் ஆல்ஃபா. நெஞ்சுக்கூட்டுக்குள் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் அங்கேதான் பாடம் படித்துவிட்டு வெளியே வருமாம். வயது ஏற ஏற அந்தப் பள்ளிக்கூடம் சுருங்கிப் பாழாகிவிடுமாம். அப்புறம் உடம்பில் இருப்பதெல்லாம் பழைய ஆட்கள்தான், புதுக் கிருமி வந்தால் திருதிருவென்று முழிப்பார்கள். தைமோசின் அதைத் தட்டி எழுப்பும் என்று எழுதியிருந்ததாம். "புவனாளுக்கு இதுதானுங்க மச்சான் கொறை. என் கைக்கு அது, அவளுக்கு இது" என்று கண் பளபளக்கச் சொன்னார்.

பிறகு ஒரு மாதம் அவருக்கு இதே பேச்சுதான். எது தசைக்கு, எது எதிர்ப்புச் சக்திக்கு, எதை எலியிடம் பார்த்தார்கள், எதை மனிதரிடம் பார்த்தார்கள் என்று பம்பின் குதிரைச் சக்தியை ஒப்பிடுகிற மாதிரியே ஒப்பிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. கறிவேப்பிலை கரும்பச்சையாக வரும் என்று எனக்கும் ஒரு டானிக்கை விற்றிருக்கிறார்கள். அடித்தேன். கறிவேப்பிலையும் வளர்ந்தது, அதைவிட வேகமாகக் கோரைக் களையும் வளர்ந்தது. இதைச் சொன்னால், "அது செடிங்க மச்சான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் டாக்டரிடம் கேட்க ஒப்புக்கொண்டார். நானும் கூடவே போனேன். டாக்டர் சாஜிதா பேகம் கோட்டைமேட்டுக்காரர், அவசரப்பட்டு யாரையும் கடிந்து பேசமாட்டார். மாப்பிள்ளை சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நூத்தி அம்பத்தேழு எலிக்கு நல்லா வேல செய்யுதுன்னு படிச்சிருக்கேனுங்க. மனுசங்ககிட்ட ஒழுங்காப் பாத்தது ரொம்பக் கொஞ்சம். புதுசா ரத்தக்குழாய் வளர வெக்கும்ங்கறாங்க. காயத்துக்கு அது வேணும். ஆனா எங்கயாவது ஒரு புத்து செல் ஒளிஞ்சிருந்தா அதுக்கும் அதேதான் வேணும். வளத்து விடுமா விடாதான்னு யாருக்கும் தெரியாது. புவனாம்மா கிட்டயே அது போகக்கூடாது."

"சரிங்க டாக்டர். தைமோசின்? அது சில நாட்டுல மருந்தாவே குடுக்கறாங்களே?"

"குடுக்கறாங்க. வேற நோவுக்கு, மருந்துக் கம்பெனில செஞ்சதக் குடுக்கறாங்க. நீங்க நெட்டுல வாங்கறது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசங்களுக்கு இல்லன்னு அந்தப் பாட்டில்லயே எழுதியிருக்குமே, பாத்தீங்களா? வருசா வருசம் காய்ச்சல் தடுப்பூசி போடுங்க. அக்கிக்கும் தடுப்பூசி வந்துருக்கு. மொதல்ல அதைச் செய்வோம்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். தடுப்பூசி என்றால் எல்லோருக்கும் போடுவது. தன் பெண்டாட்டிக்கு எல்லோருக்கும் போடுவதையே போட்டால் தான் என்ன செய்தது ஆகும்? இதை அவர் வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: நூற்றைம்பத்தேழு ஆகாது, தைமோசினுக்கு டாக்டர் அவ்வளவு பயப்படவில்லை. நமக்கு வேண்டியது மட்டும் நம் காதில் விழுவது புதிதல்லவே.

இரண்டும் கூரியரில் வந்து சேர்ந்தன. சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள், அடியில் வெள்ளைப் பொடி. அதற்கென்று விற்கிற தண்ணீரை ஊசியால் விட்டுக் கலக்கினால் இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். லேபிளில் 'மனிதர்களுக்கு அல்ல' என்று இருந்ததைப் புவனா பார்த்துவிடக்கூடாது என்பது ஒரு காரணம், பழக்கம் இன்னொரு காரணம். லேபிளைச் சுரண்டி எறிந்துவிட்டு, நூற்றைம்பத்தேழுக்கு நீலப் பொட்டும் தைமோசினுக்கு மஞ்சள் பொட்டும் வைத்தார். முதலில் நீலத்தைத் தன் வயிற்றில் போட்டுப் பார்த்தார், பிறகு மஞ்சளையும் போட்டுப் பார்த்தார். முழங்கை வலி குறைந்தது. குறையாதா பின்னே! அந்த மாதம் முழுக்க இவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பம்ப் கூட்டை ஆட்கள்தான் தூக்கினார்கள். மருந்தா, ஓய்வா என்று கேட்டேன். "நீலம்தான்" என்றார்.

புவனாவுக்கு முதல் ஊசி விஜயதசமி காலையில் என்று முடிவு செய்தார். நல்ல நாள், புதுக் காரியம் தொடங்கலாம். ஊசி போட்டுக்கொண்டு அப்புறம் பள்ளிக்குப் போகட்டும் என்பது அவர் நிபந்தனை. அவள் தலையாட்டினாள். அவள் ஏன் தலையாட்டினாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. பழைய குப்பிகள் தீர்ந்திருந்தன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரண்டிலும் ஒரு புதுக் குப்பியை எடுத்து ஒரே அளவுக்குக் கலக்கி, லேபிளைச் சுரண்டி, பொட்டு வைத்து, குளிர்பெட்டியில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தார்.

ஆயுத பூஜை அன்று நானும் கறிவேப்பிலைக் கட்டு ஒன்றோடு போய்ச் சேர்ந்தேன். கணபதியில் அன்றைக்குத் தெருவே மணக்கும். ஷெட்டுக்கு ஷெட்டு வாழைக்கன்று, மாவிலை, பொரி மூட்டை. லேத்துக்கும் டிரில்லுக்கும் வரிசையாகச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். புவனா வீட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாள். குளிர்பெட்டியையும் காலி செய்து, ஒவ்வொரு பாட்டிலாகத் தேய்த்துத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அவள் குளித்து, மாம்பழ நிறச் சேலை கட்டி, கையில் குடையோடு பள்ளிக்குத் தயாராக நின்றாள். "ஏனுங்க, ஊசி போடறதுன்னா போட்டுடுங்க, நேரமாச்சு" என்று இடது கையை நீட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சமையலறைக்குப் போனார். குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் ஒன்றும் கேட்காததால் எழுந்து போனேன்.

கதவைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் இரண்டு குப்பிகள். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. குளிரில் நனைந்த கண்ணாடியில் பெயின்ட் சரியாக ஒட்டியிருக்காது, தேய்த்ததும் போயிருக்கிறது. இரண்டின் நெற்றியிலும் ஒரே மாதிரி சந்தனப் பொட்டு, அதன் நடுவில் ஒரே மாதிரி குங்குமம்.

"மச்சான், எது எதுன்னு தெரியலீங்க" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த ஆளை இரண்டு அறை அறைந்தால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது. அதில் ஒன்று, புவனா கிட்டவே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னது. அது எது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கீழ வெய்யுங்க மாப்ள. ரெண்டையும் கீழ வெய்யுங்க" என்றேன்.

அவர் வைக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மோட்டார் என்றால் காதிலேயே கண்டுபிடித்துவிடுவார். இது சத்தமே போடாத பொருள். "எடது கைப் பக்கம் இருந்ததுதான் நீலமுங்க. நான் எப்பவும் எடது பக்கம்தான் வெப்பேன்" என்றார். ஒரு நொடியில் முகம் மாறியது. "ஆனா அவ எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டாளே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் நிற்பதைப் பார்த்தால், இடது பக்கத்து ஊகத்தை நம்பி ஊசியில் ஏற்றிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தடவை காத்திருந்ததற்குத் தண்டனையாகத் தன்னைத்தானே ஐந்து வருடமாக ஓட விட்டவர் அவர். இன்றைக்கும் காத்திருக்க அவரால் முடியுமா?

கூடத்தில் இருந்து புவனா, "ஏனுங்க, வாரீங்களா, நான் போகட்டுங்களா?" என்றாள்.

மாப்பிள்ளை குப்பிகளோடு கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன், தேவைப்பட்டால் கையைத் தட்டிவிடலாம் என்று. அவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "அம்மணி, நான் வெச்ச பொட்டு அழிஞ்சுபோச்சு. இதுல ஒண்ணு உனக்கு ஆகாது. அது எதுன்னு எனக்குத் தெரியல. டாக்டரும் ரெண்டையுமே வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான்தான் உங்கிட்டச் சொல்லல" என்றார்.

புவனா குப்பிகளைப் பார்த்தாள். "அட, அது நீங்க வெச்ச பொட்டுங்களா? பெயின்ட் சிந்தியிருக்குதுன்னு நெனச்சுத் தேச்சுப்போட்டேன். ஊட்டுக்குள்ள நீங்க தொடற ஆயுதம் இதுதானேன்னு சந்தனம் வெச்சேன்" என்றாள். குடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "டாக்டரம்மா வேண்டாம்னது எனக்கும் தெரியுமுங்க. போன மாசமே தனியாப் போயிக் கேட்டுட்டேன். காய்ச்சல் தடுப்பூசியும் அன்னிக்கே போட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

"தெரிஞ்சுமா கைய நீட்டுனே?"

"நீட்டுனேன். ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு என் நெத்தியத் தொட்டுப் பாக்கறீங்க. நான் தூங்கறதா நெனச்சுட்டு இருக்கீங்க, நான் தூங்கறதில்லீங்க. இந்த ஒரு ஊசி போட்டா உங்களுக்கு அது நிக்கும்னா, போட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

நான் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை அழுதார். ஆளைப் பார்த்துப் பழகிய இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது கீமோ வார்டில்கூட இல்லை. அவள் அவருடைய தலையில் கை வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. குப்பிகளை அவர் கையிலிருந்து வாங்கிப் பழைய பேப்பரில் சுற்றினாள். "கொழாயில ஊத்த வேண்டாமுங்க. ஆஸ்பத்திரியிலயே குடுத்தா ஊசி மருந்தெல்லாம் போடற எடத்துல போட்டுருவாங்க. உங்க கைக்கும் இனி இது வேண்டாம். கொஞ்ச நாளைக்குச் சும்மா இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

பொட்டலத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை ஷெட்டில் இல்லை, வீட்டிலும் இல்லை. பள்ளிக்கு எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது: அழுகிற ஒரு குழந்தையை மடியில் வைத்து, அதன் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்துக்கொண்டிருந்தாள் புவனா. குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. தன் சேலைத் தலைப்பால் அவள் துடைத்துவிட்டதைப் பார்த்ததும் மாப்பிள்ளை இரண்டு அடி முன்னால் போனார். அப்புறம் நின்று, திரும்பி வந்து, இன்னொரு டீ சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மிச்சப் பொரியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் குழந்தை எப்படி அழுதது, எப்படிச் சிரித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சுக்கு நடுவில் ஒரு தும்மல் போட்டாள்.

ஒரே ஒரு தும்மல்தான். நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

மாப்பிள்ளை எழுந்தார். கால் தானாகச் சமையலறைக்குப் போனது. குளிர்பெட்டியைத் திறந்து மாவுப் பாத்திரத்தை நகர்த்தினார். பின்னால் ஒன்றும் இல்லை. தட்டில் குப்பிகள் இருந்த இடத்தில் கொஞ்சம் சந்தனம் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கே போவது, என்ன எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, கரண்டு வீணாப் போகுது. மூடிட்டு வாங்க" என்றாள் புவனா.

மூடினார். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கை அவளுடைய நெற்றிக்குப் போகப் பார்த்தது. போகவில்லை, பொரிக் கிண்ணத்துக்குள் போனது.

"நாளைக்கும் போறியா?"

"போறேனுங்க."

அவர் பொரியை மென்றுகொண்டே இருந்தார். முட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"செரி. நான் கொண்டு வந்து உடறேன்" என்றார்.